வாசகர் கேள்வி பதில்: சின்ன சைஸ் பிசினஸ் லேப்டாப்ல எதைப் பாத்து வாங்கணும்?

13 இன்ச், 14 இன்ச் பிசினஸ் லேப்டாப் வாங்கப்போறேன், எதைப் பாக்கணும்னு கேட்டு இந்த தடவை நிறைய பேர் எழுதியிருக்கீங்க, அதனால மத்த கேள்வியை எல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வெச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். பெரிய மெஷின்ல அப்புறமா மாத்திக்கலாம்னு விடற பல விஷயம் இந்த ஒல்லி மெஷின்ல மதர்போர்டோட சேந்தே வரும், வாங்கற அன்னிக்கு எடுக்கற முடிவோடதான் நாலஞ்சு வருஷம் ஓட்டணும். அதனால மாத்த முடியாத ஐட்டத்தை முதல்ல பாருங்க, மாத்த முடிஞ்சதை கடைசியா பாத்துக்கலாம்.

கேள்வி: சார், நான் ஆடிட் வேலை பாக்கறேன், எக்செல், பிரவுசர், வீடியோ கால் இதுதான் நாள் பூரா. ரெண்டு 14 இன்ச் மாடல் பாத்து வெச்சிருக்கேன், ஒண்ணு இன்டெல் கோர் அல்ட்ரா 7 எச் சீரிஸ், இன்னொண்ணு கோர் அல்ட்ரா 5 யு சீரிஸ். கேட்டவங்க எல்லாரும் 7 தான் எடுக்கணும்ங்கறாங்க, எடுத்துடலாமா?

பதில்: 5ஆ 7ஆன்னு பாக்கறதுக்கு முன்னாடி அந்த கடைசி எழுத்தைப் பாருங்க, உங்களுக்கு அதுதான் முக்கியம். யு-ன்னு இருந்தா பொதுவா 15 வாட் கணக்குல ஓடற மாதிரி டிசைன் பண்ணது, எச்-னா கோர் அல்ட்ரால பெரும்பாலும் 28 வாட், பழைய 12ஆவது 13ஆவது ஜெனரேஷன்ல 45 வாட். உள்ள போற வாட் அத்தனையும் கடைசியில சூடா மாறி வெளிய வந்தாகணும், ஆனா ஒண்ணேகால் கிலோ மெஷினுக்குள்ள இருக்கறது பெரும்பாலும் ஒரே ஒரு சின்ன ஃபேன், விரல் அகலத்துக்கு தட்டையா ஒரு காப்பர் பைப், பின்பக்கம் ஒரு சின்ன வென்ட் அவ்வளவுதான். அதனால என்ன ஆகும்னா பெரிய ஃபைலைத் திறந்ததும் ப்ராசஸர் கொஞ்ச நேரம் முழு வேகத்துல ஓடும், சூடு ஏறினதும் தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும், அதுக்கப்புறம் ஒல்லி மெஷின்ல இருக்கற எச்-சும் யு-வும் ரொம்ப தூரத்துல இருக்காது. ஃபேன் சத்தம் மட்டும் எச்-ல கண்டிப்பா கூட இருக்கும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும்.

உங்க வேலைக்கு யு சீரிஸ் 5 தாராளமா போதும், மிச்சமாகற காசை ரேம்லயும் ஸ்க்ரீன்லயும் போடுங்க. கோடு கம்பைல் பண்றவங்க, லட்சக்கணக்குல ரோ உள்ள ஷீட்டை தினமும் ரெஃப்ரஷ் பண்றவங்களுக்கு எச் வேணும், ஆனா அவங்க கொஞ்சம் தடிமனான மெஷினா பாத்து எடுக்கணும். ரிவ்யூ படிக்கும்போது முதல் ஸ்கோரை விட்டுடுங்க, பதினஞ்சு இருபது நிமிஷம் தொடர்ந்து லோடு குடுத்த அப்புறம் எவ்வளவு நிக்குதுன்னு போட்டிருக்காங்களான்னு தேடுங்க.

ஏஎம்டி ப்ராசஸர் பக்கம் போனீங்கன்னா இன்னொரு சூட்சுமம் இருக்கு. 2023லேருந்து வந்த 7000 சீரிஸ் நம்பர்ல மூணாவது இலக்கம்தான் உள்ள இருக்கற டிசைன் எந்த தலைமுறைன்னு சொல்லும். ரைசன் 5 7530யு-ல மூணாவது இலக்கம் 3, அதாவது ஜென் 3, பழைய டிசைன். 7540யு-னா ஜென் 4. 7520யு ஜென் 2, அதைவிடப் பழசு. ஸ்டிக்கர் மூணுலயும் ரைசன் 5 7000 சீரிஸ்னுதான் இருக்கும், பக்கத்துல வெச்சா வேற வேற மெஷின்.

கேள்வி: 16 ஜிபி ரேம் வாங்கிட்டு அப்புறம் 32 ஆக்கிக்கலாம்னு நெனச்சேன், நண்பர் இது சால்டர் பண்ணது ஏத்த முடியாதுங்கறார். உண்மையா? அப்போ எவ்வளவு வாங்கணும்?

பதில்: உங்க நண்பர் சொல்றது பெரும்பாலும் சரி. ஸ்பெக் ஷீட்ல எல்பிடிடிஆர்5 இல்ல எல்பிடிடிஆர்5எக்ஸ்னு இருந்தா அது மதர்போர்டுலயே ஒட்டி வர்றதுன்னு வெச்சுக்கோங்க, வெறும் டிடிஆர்5னு போட்டு பக்கத்துல எஸ்ஓ-டிம்-னும் இருந்தா ஸ்லாட் இருக்கு, மாத்தலாம். இன்டெல்லோட கோர் அல்ட்ரா 200வி வரிசையில இன்னும் ஒரு படி மேல, ரேம் ப்ராசஸர் பேக்கேஜ்லயே இருக்கும், 16 இல்லன்னா 32, வேற எதுவும் கிடையாது. அதுல ஒரு வசதி, நம்பரைப் பாத்தே சொல்லிடலாம், 256வி-னா 16 ஜிபி, 258வி-னா 32 ஜிபி. நடுவுல எல்பிகேம்2-ன்னு ஒரு புது டைப் வந்திருக்கு, எல்பிடிடிஆர் வேகம், ஆனா ஸ்க்ரூ போட்டு கழட்டி மாட்டற மாட்யூல், 2024ல திங்க்பேட் பி1 ஜென் 7ல வந்துச்சு. எல்லா சின்ன மெஷின்லயும் இது வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்கு ரொம்ப ஆசை, இன்னும் பரவலா வரல.

எவ்வளவுன்னு கேட்டா, ஒட்டின ரேம்னா 32 எடுங்க. இன்னிக்கு 16 போதுமேன்னு தோணும், போதும்தான், ஆனா தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின்ல கிராஃபிக்ஸும் அதே ரேம்லேருந்துதான் பங்கு எடுத்துக்கும், மீட்டிங் ஆப் ஒரு பக்கம், முப்பது டேப் ஒரு பக்கம்னு ஓடும்போது 16-ல மிச்சம் கம்மிதான், அஞ்சு வருஷம் கழிச்சு இன்னும் கம்மியா இருக்கும். ஸ்லாட் இருந்தா 16 வாங்கிக்கலாம், ஆனா ஒரே ஸ்டிக்கா வருதா ரெண்டு ஸ்டிக்கா வருதான்னு கேளுங்க. ரெண்டு ஸ்லாட்ல ஒண்ணு மட்டும் போட்டிருந்தா மெமரி பாதி அகல ரோட்டுல ஓடற மாதிரி, ஆன்போர்டு கிராஃபிக்ஸ் நல்லாவே அடி வாங்கும், பெரிய மானிட்டர் மாட்டறவங்களுக்கு அது தெரியும்.

எஸ்எஸ்டி பத்தி யாரும் கேக்கல, ஆனாலும் இங்கயே சொல்லிடறேன், பெரும்பாலான பிசினஸ் மாடல்ல அது எம்.2 ஸ்லாட்ல இருக்கும், அப்புறம் மாத்திக்கலாம், அதனால 512 ஜிபில ஆரம்பிச்சா தப்பில்ல. நீளம் மட்டும் பாத்துக்கோங்க, 2280-னா 80 மில்லிமீட்டர், எங்கயும் கிடைக்கும், சில ஒல்லி மாடல்ல 2242, 2230-னு குட்டை சைஸ்தான் உள்ள போகும், அதுல சாய்ஸ் கம்மி.

கேள்வி: ஆபீஸ்ல குடுத்த 14 இன்ச் மெஷினும் என் ஃப்ரெண்ட் வெச்சிருக்கறதும் ஒரே மாடல், ஒரே பேர். அவரோடது பளிச்னு இருக்கு, என்னோடது வெளிறிப்போய் சாம்பல் பூசின மாதிரி இருக்கு, சாயந்தரம் ஆனா கண்ணு எரியுது. என் மெஷின் டிஃபெக்டா?

பதில்: டிஃபெக்ட் இல்லைங்க, உங்களுக்கு வந்தது வேற பேனல். பிசினஸ் லேப்டாப்ல நான் ரொம்ப வருத்தப்படற விஷயமே இதுதான். ஒரே மாடல் பேர்ல மூணு நாலு ஸ்க்ரீன் இருக்கும், அடியில இருக்கறது 250 இல்ல 300 நிட்ஸ், 45 சதவீதம் என்டிஎஸ்சி, மேல இருக்கறது 400 நிட்ஸ், 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி (நிட்ஸ்ங்கறது வெளிச்சத்தோட அளவு, மத்த ரெண்டும் எவ்வளவு கலர் காட்டும்ங்கறதுக்கான அளவுகோல்). ரிவ்யூவுக்குப் போறது பெரும்பாலும் மேல இருக்கறது, ஆபீஸ்ல மொத்தமா ஆர்டர் போட்டு வாங்கறது அடியில இருக்கறது. 45 சதவீத என்டிஎஸ்சி பேனல்ல சிவப்பு செங்கல் கலர்ல தெரியும், எக்செல்ல லேசா ஷேடு போட்ட செல் வெள்ளையோட கலந்துடும். ஜன்னல் பக்கம் உக்காந்தா 250 நிட்ஸ் பத்தவே பத்தாது, நீங்க கண்ணைச் சுருக்கிப் பாக்கறீங்க, எரிச்சல் அதுலேருந்தும் வரலாம். ப்ரைட்னஸை ஃபுல்லா வெச்சும் இப்படின்னா ஒரு நல்ல வெளி மானிட்டர் வாங்கி மாட்டறதுதான் வழி.

புதுசா வாங்கறவங்க மாடல் பேரை வெச்சு ஆர்டர் போடாதீங்க, பெட்டி மேலயும் மெஷின் அடியிலயும் ஒரு நீள பார்ட் நம்பர் இருக்கும், அதை வெச்சு தேடுங்க. லெனோவோவுக்கு பிஎஸ்ரெஃப்-னு ஒரு தளம் இருக்கு, எச்பி குவிக்ஸ்பெக்ஸ்னு வெளியிடறாங்க, எந்த மாடலுக்கு எந்தெந்த பேனல், எத்தனை நிட்ஸ்னு அதுல இருக்கும்.

குறைஞ்சது 1920க்கு 1200, 16:10 பேனல் எடுங்க. பழைய 1080ஐ விட உயரத்துல 120 பிக்சல் கூட, ஷீட்ல நாலஞ்சு ரோ அதிகம் தெரியும், 14 இன்ச்ல அது பெரிய விஷயம். 2880க்கு 1800 எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும், ஆனா பேட்டரி கொஞ்சம் கூட இழுக்கும். மேட் ஃபினிஷ் எடுங்க, ட்யூப் லைட் கீழ வேலை பாக்கறவங்களுக்கு க்ளாஸி தொல்லை. ஓஎல்இடி அழகுதான், நான் மறுக்கல, ஆனா ப்ரைட்னஸ் குறைக்கும்போது நிறைய ஓஎல்இடி பேனல் வேகமா அணைஞ்சு அணைஞ்சு எரியறது மூலமாத்தான் வெளிச்சத்தைக் குறைக்குது, சிலருக்கு அதுல தலைவலி வரும். உங்களுக்கு அந்த தொந்தரவு உண்டுன்னா வாங்கறதுக்கு முன்னாடி ப்ரைட்னஸை கால்வாசிக்கு இறக்கி உங்க போன்ல ஸ்லோ மோஷன்ல ஒரு வீடியோ எடுத்துப் பாருங்க, பட்டை பட்டையா ஓடினா யோசிங்க.

கேள்வி: ரெண்டு டைப்-சி போர்ட் இருக்கு, ஒண்ணுல மானிட்டர் வருது இன்னொண்ணுல வரல. ஹப் வாங்கி மாட்டினா 4கே மானிட்டர்ல மவுஸ் இழுத்து இழுத்து போகுது. சார்ஜரும் சில சமயம் ஸ்லோ சார்ஜிங்னு காட்டுது. எதை மாத்தணும்?

பதில்: மூணும் வேற வேற பிரச்சனை, ஒவ்வொண்ணா வர்றேன், ஏன்னா டைப்-சிங்கறது ஓட்டையோட வடிவம் மட்டும்தான், அதுக்குள்ள என்ன ஓடுதுங்கறது போர்ட்டுக்கு போர்ட் மாறும், இதை ஸ்பெக் ஷீட்லயே தெளிவா எழுதினா பாதி பேருக்கு அலைச்சல் மிச்சம்.

போர்ட் பக்கத்துல குட்டியா ஒரு சின்னம் இருக்கும், டார்ச் அடிச்சுப் பாருங்க. மின்னல் சின்னம்னா பெரும்பாலும் தண்டர்போல்ட், மானிட்டர், டேட்டா, சார்ஜ் எல்லாம் வரும். டி-க்குள்ள பி மாதிரி ஒரு சின்னம் இருந்தா டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டர் வரும். வெறும் யுஎஸ்பி திரிசூலமும் 5 இல்ல 10ன்னு ஒரு நம்பரும்தான்னா டேட்டா மட்டும்னு எடுத்துக்கோங்க, உங்க ரெண்டாவது போர்ட் அதுவாத்தான் இருக்கணும். அதை எந்த கேபிள் போட்டும் சரி பண்ண முடியாது. சின்னமே போடாத மாடலும் இருக்கு, அப்போ மேனுவல்தான் கதி.

மவுஸ் இழுக்கறது ஹப்னால. சாதாரண டைப்-சி ஹப் ஒரே கேபிள்ல யுஎஸ்பி டேட்டாவையும் படத்தையும் பாதி பாதியா பிரிச்சு அனுப்பும், அந்தப் பாதியில பழைய வெர்ஷன் டிஸ்ப்ளேபோர்ட் ஓடினா 4கே-வுக்கு செகண்டுக்கு 30 ஃப்ரேம்தான் வரும், 60 வராது. டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்டு போய் பாருங்க, 30 ஹெர்ட்ஸ்னு நிக்கும். லேப்டாப்ல எச்டிஎம்ஐ இருந்தா நேரா அதுல மாட்டிப் பாருங்க, 2.0-னா 4கே 60 வரும், 1.4-னா அங்கயும் 30தான். அதுவும் இல்லன்னா அந்த முதல் போர்ட்லேருந்து மானிட்டரோட டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு நேரா போற கேபிள் வாங்குங்க. தினமும் ரெண்டு மானிட்டர் மாட்டணும்னு இருக்கறவங்க தண்டர்போல்ட் 4 உள்ள மாடலா எடுங்க, அதுல 40 ஜிகாபிட் வேகம், ரெண்டு 4கே டிஸ்ப்ளே குறைஞ்சபட்சமா குடுத்தே ஆகணும்னு ரூல் இருக்கு. யுஎஸ்பி4-ல அப்படி கட்டாயம் இல்ல, நல்லா இருக்கறதும் உண்டு, 20 ஜிகாபிட்டோட நிக்கறதும் உண்டு.

ஸ்லோ சார்ஜிங்குக்கு கேபிளை சந்தேகப்படுங்க. 65 வாட் சார்ஜர் 20 வோல்ட்ல 3.25 ஆம்பியர் குடுக்கும், ஆனா சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியருக்குத்தான், அதாவது 60 வாட். 5 ஆம்பியர் கேபிள்ல உள்ள ஒரு சின்ன சிப் இருக்கும், அது சொன்னாத்தான் சார்ஜர் அதுக்கு மேல விடும். அந்த அஞ்சு வாட் குறைஞ்சதுக்கே சில மெஷின் முகம் சுளிச்சு மெசேஜ் காட்டும். கூட வந்த கேபிளையே போட்டு பாருங்க. போன் சார்ஜரை மாட்டியிருந்தா அதை விட்டுடுங்க, 9 வோல்ட்ல நிக்கற சார்ஜரை பல லேப்டாப் ஏத்துக்கவே ஏத்துக்காது.

வாங்கப்போறவங்களுக்கு இன்னொண்ணு. சார்ஜ் ஏத்தற போர்ட் ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு இருந்தா எடுங்க, நிறைய மாடல்ல ரெண்டும் இடது பக்கமே ஒட்டிப் போய் இருக்கு. டெய்லி மாட்டிக் கழட்டற போர்ட் ஒண்ணு ஆட்டம் கண்டா இன்னொண்ணு காப்பாத்தும். அந்த போர்ட் தனி குட்டி சர்க்யூட் போர்டுல இருக்கா மதர்போர்டுலயே இருக்கான்னு சர்வீஸ் மேனுவல்ல பாருங்க, போர்ட் கெட்டா ஆகற செலவு அதுலதான் அடங்கியிருக்கு.

கேள்வி: பெட்டியில 18 மணி நேரம் பேட்டரின்னு போட்டிருந்தது. எனக்கு ஏழு மணி நேரம் கூட தாண்டல. ஏமாத்தறாங்களா?

பதில்: அவங்க டெஸ்ட் பண்ற விதம் வேற. வெளிச்சத்தைக் குறைச்சு வெச்சு, ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட விட்டு அளக்கறாங்க, உங்க நாள் அப்படி ஓடாது. மணி நேரத்தை மறந்துட்டு வாட் அவர் (பேட்டரில அடங்கற மொத்த சக்தி) எவ்வளவுன்னு பாருங்க, பேட்டரி மேலயே எழுதியிருக்கும். 57 வாட் அவர்னு வைங்க. 18 மணி நேரம் வரணும்னா மெஷின் மொத்தமும் சேத்து 3 வாட் சொச்சத்துல ஓடணும். ஆபீஸ் வேலைல நல்ல வெளிச்சத்தோட 6லேருந்து 8 வாட் சாதாரணமா போகும், அப்போ ஏழெட்டு மணி நேரம். வீடியோ கால்ல கேமரா, மைக், வைஃபை, ப்ராசஸர் எல்லாம் ஒண்ணா முழிச்சிருக்கும், 12, 15 வாட்னு போய் நாலு மணி நேரத்துல படுத்துடும். உங்க ஏழு மணி நேரம் நியாயமான கணக்குதான்.

14 இன்ச்ல சின்ன பேட்டரி, பெரிய பேட்டரின்னு ரெண்டு ஆப்ஷன் பல மாடல்ல வரும், பெருசை எடுங்க, வெயிட் கொஞ்சம்தான் கூடும். சின்னதை எடுத்தா காலி எடம் விட்டு மூடியிருப்பாங்க. ரெண்டு மூணு வருஷத்துல 57 வாட் அவர் 45க்கு இறங்கறது சகஜம், அதையும் சேத்துத்தான் இன்னிக்கு கணக்குப் போடணும். எந்நேரமும் சார்ஜர்ல வெச்சிருக்கறவங்க 80 சதவீதத்துல நிறுத்தற செட்டிங்கைப் போட்டுடுங்க, பிசினஸ் மாடல்ல கம்பெனியோட ஆப்லயோ பயாஸ்லயோ (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற அடிப்படை செட்டிங்ஸ்) இருக்கும். ஃப்ளைட்ல போறவங்களுக்கு 100 வாட் அவர் வரைக்கும் தனி அனுமதி வேண்டாம், இந்த சைஸ்ல எல்லாமே அதுக்குள்ளதான்.

பையில மூடி வெச்சதே சூடாகி பேட்டரி காலியாயிருந்ததுன்னு இன்னும் ரெண்டு பேர் எழுதியிருக்கீங்க. இப்ப வர்ற மெஷின்ல ஸ்லீப்னா முழுசா தூங்கறதில்ல, போன் மாதிரி அரைத்தூக்கத்துல நெட்டைப் பாத்துக்கிட்டே இருக்கும். மூடியை மூடினா ஹைபர்னேட் (வேலையை எஸ்எஸ்டில சேமிச்சுட்டு முழுசா ஆஃப் ஆகறது) ஆகற மாதிரி பவர் செட்டிங்ஸ்ல மாத்திடுங்க, திறக்க சில செகண்ட் கூட ஆகும், பரவால்ல.

கேள்வி: நான் மொழிபெயர்ப்பாளர், நாள் பூரா டைப்பிங். கடையில கீபோர்டை எப்படி சோதிச்சுப் பாக்கறது? நம்பர் பேட் இல்லாம சமாளிக்க முடியுமா மேடம்?

பதில்: (இதை எங்க குழுவுல கீபோர்டு விஷயம் பாக்கற தோழிகிட்ட அனுப்பினேன், அவங்க எழுதினது.) நின்னுக்கிட்டே நாலு எழுத்து தட்டிப் பாக்காதீங்கம்மா, ஒரு நாற்காலி கேட்டு உக்காந்து, நோட்பேடைத் திறந்து, நீங்க வழக்கமா அடிக்கற மாதிரி ரெண்டு பாரா அடிங்க. அடிக்கும்போது ஜி, எச் பக்கம் நடு கீபோர்டு அமுங்குதான்னு கவனிங்க, கீழ தகடு மெலிசா இருந்தா ஒவ்வொரு அடிக்கும் பலகை லேசா குழியும், ஒரு மணி நேரத்துல விரல் நுனி வலிக்கும். கீ கீழ போற தூரம் 1.3லேருந்து 1.5 மில்லிமீட்டர் இருந்தா நல்லது, 1 மில்லிமீட்டர் மேஜையைத் தட்டற மாதிரி. ஒரு கீ நடுவுலேருந்து அடுத்த கீ நடு வரைக்கும் 19 மில்லிமீட்டர்னா முழு சைஸ், 14 இன்ச்ல சாதாரணமா கிடைக்கும், 12 இன்ச் பக்கம் போனா சுருக்கிடுவாங்க. ஆரோ கீ, ஹோம், எண்ட், பேஜ் அப் எங்க இருக்குன்னு பாருங்க, மொழிபெயர்ப்புல அதுலதான் கை அதிகம் போகும், எஃப்என் அமுக்கினாத்தான் ஹோம் வரும்னா அந்த மாடலை விட்டுடுங்க. நம்பர் பேட் யுஎஸ்பில தனியா வாங்கி மாட்டிக்கலாம், அதுக்காக 16 இன்ச் தூக்காதீங்க.

நடுவுல சிவப்பு பொட்டு வெச்ச கீபோர்டு திங்க்பேட்ல 1992லேருந்து வருது, கையை எடுக்காம கர்சரை நகர்த்தலாம், ஒரு வாரம் பழகினா விட மாட்டீங்க. ஸ்பில் ரெசிஸ்டன்ட்னு எழுதியிருந்தா கொஞ்சம் தண்ணி கொட்டினா தாங்கும்னு மட்டும் அர்த்தம், கொட்டின உடனே ஆஃப் பண்ணி சார்ஜரைப் பிடுங்கணும்.

கேள்வி: மில்-எஸ்டிடி-810எச் பாஸ் பண்ணதுன்னு விளம்பரத்துல போடறாங்க, கீழ விழுந்தா ஒண்ணும் ஆகாதா?

பதில்: ஆகும். அது அமெரிக்க ராணுவத்தோட சோதனை முறைகள் அடங்கின ஒரு கையேடு, 2019ல வந்த வெர்ஷன்தான் எச். சூடு, குளிர், தூசி, அதிர்வு, கீழ விழறதுன்னு நிறைய முறை இருக்கும், எதை எதை செய்யறது, எவ்வளவு கடுமையா செய்யறதுன்னு கம்பெனியே முடிவு பண்ணலாம், ராணுவம் வந்து சர்டிஃபிகேட் எதுவும் குடுக்கறதில்ல. உருப்படியா எதாவது செஞ்சு பாக்கணும்னா மூடியை ஒரு கையால திறங்க, திறந்தபடி ஒரு மூலையைப் பிடிச்சு தூக்குங்க, கிறீச்னு சத்தம் வருதா, மூடி ஆட்டம் நிக்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க. கீல் நல்லா இருந்தா மெஷின் நாலு வருஷம் உழைக்கும்.

கேள்வி: என்பியு, 40 டாப்ஸ் எல்லாம் அவசியமா?

பதில்: என்பியுங்கறது ப்ராசஸர்ல ஏஐ வேலைக்குன்னே இருக்கற தனிப் பகுதி, டாப்ஸ் அதோட வேகக் கணக்கு. இப்போதைக்கு அதுக்காகன்னு காசு கூட போட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 2024ல கோபைலட் ப்ளஸ்னு ஒரு வரையறை வெச்சாங்க, 40 டாப்ஸ் என்பியு, 16 ஜிபி ரேம், 256 ஜிபி ஸ்டோரேஜ் குறைஞ்சபட்சம். மெஷின்லயே தானா வந்தா வரட்டும், வீடியோ கால்ல பின்னணியை மங்கலாக்கறது மாதிரி வேலையை அது எடுத்துக்கும்போது பேட்டரி கொஞ்சம் மிச்சம். ஸ்னாப்டிராகன் (இன்டெல், ஏஎம்டி மாதிரி இல்லாத ஆர்ம் வகை ப்ராசஸர்) மாடல் பாக்கறவங்க ஒண்ணு கவனிங்க, பேட்டரி அருமையா நிக்கும், ஆனா பழைய பிரிண்டர், ஸ்கேனர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், ஆபீஸ் விபிஎன் இதுக்கெல்லாம் ஆர்ம் டிரைவர் இருக்கான்னு முதல்ல விசாரிங்க, ஆப் எமுலேஷன்ல ஓடிடும், டிரைவர் ஓடாது.

கேள்வி: மூணு வருஷம் ஆபீஸ்ல ஓடின பிசினஸ் லேப்டாப் செகண்ட் ஹேண்ட்ல வருது. வாங்கலாமா, எதை செக் பண்ணணும்?

பதில்: தாராளமா வாங்கலாம், புதுசா வர்ற சாதாரண வீட்டு மாடலை விட நல்லா பராமரிச்ச பழைய பிசினஸ் மாடல் மேலன்னு நான் உறுதியா நம்பறேன், சர்வீஸ் மேனுவல் வெளிப்படையா கிடைக்கும், பார்ட்ஸ் கிடைக்கும், அடி மூடியில நாலஞ்சு ஸ்க்ரூ தளர்த்தினா உள்ள பாக்கலாம். ஆனா காசு குடுக்கறதுக்கு முன்னாடி மூணு பூட்டு இருக்கான்னு பாத்தே ஆகணும்.

ஆன் பண்ணும்போதே எஃப்1, எஃப்2, எஃப்10 இதுல எதோ ஒண்ணை அமுக்கி பயாஸ்குள்ள போங்க. சூப்பர்வைசர் இல்ல அட்மின் பாஸ்வேர்டு கேட்டா வேண்டாம்னு சொல்லிடுங்க, பல மாடல்ல அது பேட்டரியைக் கழட்டினாலும் போகாது, போர்டையே மாத்தணும். உள்ள போனதும் கம்ப்யூட்ரேஸ் இல்ல அப்சல்யூட்னு ஒரு வரி இருக்கும், ஆக்டிவேட்டட்னு இருந்தா பழைய கம்பெனி இன்னும் அந்த மெஷினைக் கண்காணிக்கலாம். மூணாவது, விண்டோஸை சுத்தமா ரீசெட் பண்ணி நெட்ல கனெக்ட் பண்ணி பாருங்க, ஏதோ ஒரு கம்பெனி பேரைப் போட்டு ஆபீஸ் ஐடி கேட்டா அது அவங்க பட்டியல்லேருந்து இன்னும் எடுக்கப்படல, அவங்க எடுத்துவிட்டாத்தான் உண்டு.

அப்புறம் பேட்டரி. கமாண்ட் ப்ராம்ப்ட்ல பவர்சிஎஃப்ஜி, ஒரு ஸ்பேஸ், ஒரு ஸ்லாஷ், பேட்டரிரிப்போர்ட்னு ஆங்கிலத்துல அடிச்சா ஒரு ஃபைல் வரும், அதுல டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டின்னு ரெண்டு எண். டிசைன் 57,000, ஃபுல் 34,000-னா 60 சதவீதம்தான் பாக்கி, புது பேட்டரி விலையைக் கழிச்சுக்கிட்டுப் பேசுங்க. மெஷினை சமதளத்துல வெச்சு எட்டிப் பாருங்க, டச்பேட் மேல தூக்கியிருந்தாலோ அடி மூடி புடைச்சிருந்தாலோ பேட்டரி உப்பியிருக்குன்னு அர்த்தம், அதை ஆன்ல வெச்சிருக்கறதே ஆபத்து. விண்டோஸ் 11 வேணும்னா இன்டெல்ல 8ஆவது ஜெனரேஷன், ஏஎம்டி லேப்டாப்ல ரைசன் 3000 சீரிஸ், டிபிஎம் 2.0 பாதுகாப்பு சிப் குறைஞ்சபட்சம், விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14ஓட நின்னாச்சு, அதனால அதுக்குக் கீழ எவ்வளவு மலிவா வந்தாலும் தொடாதீங்க.

கேள்வி: ஃபிங்கர்பிரிண்ட், ஐஆர் கேமரா, இன்டெல் வி-ப்ரோ ஸ்டிக்கர், இதுல எது தேவை?

பதில்: தனியா தொழில் பண்றவங்களுக்கு வி-ப்ரோ தேவையில்ல, நூத்துக்கணக்குல மெஷினை தூரத்துலேருந்து நிர்வாகம் பண்ற ஐடி டீமுக்குத்தான் அது. ஃபிங்கர்பிரிண்ட் கண்டிப்பா எடுங்க, ஐஆர் கேமரா இருந்தா இருட்டுலயும் முகத்தைப் பாத்து திறக்கும். கேமரா 1080பி இருக்கணும், 720பி-ல கிளையண்ட் முகம் பாத்துப் பேசற காலம் போச்சு. மூடற ஷட்டர் இருக்கான்னும் பாத்துக்கோங்க.

கேள்வி: எப்பவும் ட்ரெயின்லதான் வேலை, சிம் போடற ஸ்லாட் அப்புறமா போட்டுக்கலாம்னு கடைக்காரர் சொல்றார், முடியுமா?

பதில்: ஸ்பெக் ஷீட்ல டபிள்யூவேன் (சிம் வழியா வர்ற மொபைல் நெட்) ரெடின்னு இருந்தா முடியும், இல்லன்னா முடியாதுன்னே வெச்சுக்கோங்க. கார்டு சின்னதுதான், எம்.2 ஸ்லாட்ல உக்காந்துடும், ஆனா அதுக்கு ஆன்டெனா வயர் மூடிக்குள்ள தயாரிக்கும்போதே ஓட்டியிருக்கணும், சிம் ட்ரேவுக்கு ஓட்டையும் வேணும். அப்புறமா வயர் ஓட்டணும்னா ஸ்க்ரீனைப் பிரிக்கணும். இன்னொரு சிக்கல், சில பிராண்டோட பயாஸ் அவங்க அங்கீகரிச்ச கார்டை மட்டும்தான் ஏத்துக்கும், வேற போட்டா ஸ்டார்ட் ஆகும்போதே எரர் காட்டி நிக்கும். அதனால சிம்மோட வர்ற கான்ஃபிகரேஷனையே கேட்டு வாங்குங்க, கிடைக்கலைன்னா போன் ஹாட்ஸ்பாட்டே போதும், போனை யுஎஸ்பி கேபிள்ல மாட்டி நெட்டைப் பகிர்ந்தீங்கன்னா லேப்டாப்போட வைஃபையை ஆஃப் பண்ணிடலாம், போன் மட்டும் லேப்டாப்லேருந்து கொஞ்சம் சார்ஜ் எடுத்துக்கும்.